ஓட்டத்துக்கு நடுவே ஆண்டவரைக் கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக் குழுக்களில் இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. கூட்டத்தில் கை தூக்கிக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர். எல்லாரும் கலைந்தபிறகு ஓரமாக வந்து தணிந்த குரலில் கேட்கிறவர்களே அதிகம். கேட்டவர்களின் வார்த்தைகளைக் கூடுமானவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன். வேத வசனங்கள் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

கடவுள் எங்கும் இருக்கிறார் என்று சின்ன வயதிலேயே படித்துவிட்டோம். அப்புறம் எதற்கு அவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும்?

அவர் இருப்பது ஒன்று, அது நமக்கு உறைப்பது வேறு. ஆதியாகமம் 28-இல் யாக்கோபு அண்ணனுக்குப் பயந்து ஓடுகிறான். பொழுது சாய்ந்துவிட்டதால் வழியில் ஓரிடத்தில், ஒரு கல்லைத் தலைக்கு வைத்துக்கொண்டு படுக்கிறான். சொப்பனம் கண்டு விழித்ததும் அவன் சொன்னது: "மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்." அவன் படுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியேதான் அந்த இடம் இருந்தது. கர்த்தரும் அவன் விழித்தபிறகு வந்து சேரவில்லை.

அதனால் நாம் எதையும் வரவழைக்கப் போவதில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு பரவசத்தை உண்டாக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஏற்கெனவே இருக்கிறவரை ஏற்கெனவே இருக்கிறவராக எண்ணிப் பழகுகிறோம், அவ்வளவுதான். இது மனதில் பதிந்துவிட்டால் கீழே உள்ள கேள்விகளில் பாதி தானாகவே இலகுவாகிவிடும்.

பிஸியாக இருப்பதும் அவசரமும் ஒன்றுதானே?

இல்லை. இயேசுவே பிஸியாகத்தான் இருந்தார். வருகிறவர்களும் போகிறவர்களும் அநேகராயிருந்ததால் சாப்பிடக்கூட நேரமில்லை என்று மாற்கு 6 சொல்கிறது. ஆனால் அவர் அவசரப்பட்டதாகச் சுவிசேஷங்களில் எங்கேயும் பார்க்க முடியாது.

மாற்கு 5-ஐ ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். யவீருவின் 12 வயது மகள் சாகக் கிடக்கிறாள். இயேசு அவனோடு போகிறார், ஜனங்கள் நெருக்குகிறார்கள். அந்த நெரிசலில், 12 வருஷமாக உதிரப்போக்கால் அவதிப்பட்ட ஒரு பெண் பின்னால் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொடுகிறாள். அவள் குணமாகிவிட்டாள், அவர் அப்படியே நடந்திருக்கலாம். நிற்கிறார். திரும்பி, தொட்டது யார் என்று கேட்கிறார், சுற்றிலும் பார்க்கிறார். அவள் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்து நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்கிறார். பக்கத்தில் யவீரு நின்றுகொண்டிருக்கிறான். அவன் நெஞ்சு எப்படி அடித்திருக்கும்! அதற்குள் மகள் இறந்துவிட்டாள் என்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிடுகிறது. அப்போதும் இயேசு பதறவில்லை. "பயப்படாதே" என்று அவனைத் தேற்றிக் கூட்டிக்கொண்டு போய், இறந்துபோன அந்தச் சிறுமியை எழுப்புகிறார்.

கை நிறைய வேலை இருந்தால் அது பிஸி. உடம்பு இங்கே இருக்க, மனசு அடுத்த இடத்துக்குப் போய்விட்டால் அது அவசரம். சும்மா படுத்திருக்கும்போதுகூட அவசரத்தில் இருக்க முடியும்.

அவசரப்படுவது அவ்வளவு பெரிய தப்பா? யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே?

1973-இல் வெளியான ஓர் ஆய்வை இந்தக் கேள்விக்காகவே நினைவில் வைத்திருக்கிறேன். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. மாணவர்கள் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போய் ஒரு சின்ன உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு நின்று உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமை. போகிற வழியில் ஒரு வாசலோரம் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து, இருமி முனகிக்கொண்டிருக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் அவருக்கு உதவ முன்வந்தார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற நினைப்பு பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

அவர்கள் இரக்கம் இல்லாதவர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அவசரம் பார்வையைக் குறுக்கிவிடுகிறது. வாசலில் கிடக்கிற மனிதனைக் கவனிக்கத் தவறுகிற அதே கண்தான் ஆண்டவரையும் கவனிக்கத் தவறுகிறது. நிதானிப்பது மன நிம்மதிக்காக மட்டும் என்று நினைக்கிறவர்களிடம் இதைத்தான் வலியுறுத்திச் சொல்வேன்: இது அன்பு சம்பந்தப்பட்ட காரியம்.

சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு மணி நேரமெல்லாம் என்னால் முடியாது.

ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடம் நிஜமாகவே ஐந்து நிமிடமாக இருக்க வேண்டும். செல்போனை சைலண்டில் போட்டுப் பக்கத்தில் வைத்தால் காது அதன்மேலேயே இருக்கும். வேறு அறையில் வைத்துவிடுங்கள். தினமும் ஒரே இடத்தில், முதுகு நிமிர்ந்து, வசதியாக உட்காருங்கள். ஒரு துண்டுத் தாளும் பேனாவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். அது எதற்கு என்று அடுத்த பதிலில் சொல்கிறேன்.

முதல் நிமிடம் எதையும் கேட்காதீர்கள். மூச்சு சீராகட்டும். "ஆண்டவரே, நீர் இங்கே இருக்கிறீர், நானும் இங்கே இருக்கிறேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அப்புறம் ஒரு சங்கீதத்திலிருந்து ஒரே ஒரு வசனம். 23-ஆம் சங்கீதத்தில் ஆறு வசனங்கள்தான். நாளுக்கு ஒன்று எடுத்தால் ஆறு நாள் வரும். வாயால் மெதுவாக வாசியுங்கள், எந்த வார்த்தையில் மனம் நிற்கிறதோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். விளக்கவுரை தேடாதீர்கள், அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

உட்கார்ந்த உடனே மனசு பத்து இடத்துக்கு ஓடுகிறது. நான் இதற்கு லாயக்கு இல்லையோ?

எல்லாருக்கும் ஓடும். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில், ஜெபிப்பதற்காகவே எல்லாவற்றையும் விட்டுப் போன துறவிகளுக்கே ஓடியிருக்கிறது. அவர்களில் ஒருவரான எவாகிரியஸ், நடுப்பகலில் ஒரு துறவி படும் பாட்டை எழுதிவைத்திருக்கிறார். சூரியன் நகரவே இல்லையோ என்று பார்க்கிறார், ஜன்னல் பக்கம் கண் போகிறது, யாராவது வரமாட்டார்களா என்று இருக்கிறது, இந்த இடமே வெறுத்துப்போகிறது. செல்போன் இல்லாத காலத்திலேயே இப்படி.

தாளும் பேனாவும் இதற்குத்தான். கட்ட வேண்டிய பில் நினைவுக்கு வந்தால் எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். யார்மேலாவது கோபம் வந்தால் அவர் பெயரை எழுதிவிட்டுத் திரும்பி வாருங்கள். உங்களையே திட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், அது இன்னொரு ஓட்டமாகிவிடும். ஐந்து நிமிடத்தில் இருபது தடவை மனம் போய், இருபது தடவையும் நீங்கள் திரும்பியிருந்தால், இருபது தடவை ஆண்டவரிடம் வந்திருக்கிறீர்கள். இதைத் தோல்வி என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நான் தூங்கிவிடுகிறேன். குற்ற உணர்வாக இருக்கிறது.

தூக்கம் வந்தால் உங்களுக்குத் தூக்கம் தேவைப்படுகிறது. ஓரேப் மலையில் எலியா தீர்க்கதரிசி அந்த "அமர்ந்த மெல்லிய சத்தம்" கேட்டதை எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே 1 இராஜாக்கள் 19-இல் அதற்கு முன் நடந்ததை விட்டுவிடுகிறோம். சாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டு சூரைச்செடியின் கீழ் படுத்தவனைத் தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடு. புத்திமதி ஒரு வார்த்தைகூட இல்லை. களைத்துப்போனவனுக்குத் தேவன் முதலில் கொடுத்தது தூக்கமும் ஆகாரமும்தான். இரவில் சீக்கிரம் படுங்கள்.

சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு. அமைதி என்று யாராவது சொன்னாலே அழுகை வருகிறது.

அமைதியான அறையைத் தேடாதீர்கள், இப்போது அது உங்களுக்குக் கிடைக்காது. 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் கார்மேல் சபை மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். போரில் காலில் காயம்பட்டு நொண்டி நடந்த முன்னாள் சிப்பாய். மடத்தில் அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை, அவருக்கு இயல்பாகவே பிடிக்காத வேலை. அந்தச் சத்தத்துக்கும் அவசரக் கூப்பாடுகளுக்கும் நடுவில், ஜெப நேரத்தில் இருப்பது போலவே ஆண்டவரோடு இருக்கப் பழகினார். அவருக்கு முந்தைய நூற்றாண்டில் வாழ்ந்த ஆவிலாவின் தெரேசாளும், பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார் என்று தன் மடத்துச் சகோதரிகளுக்கு எழுதினார்.

லாரன்ஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முதல் பத்து ஆண்டுகள் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஆகவே ஒரு வாரத்தில் வரவில்லையே என்று சோர்ந்துவிடாதீர்கள். தினமும் செய்கிற ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பாத்திரம் கழுவுவது என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஒரு வேலையை மட்டும் முடித்துத் தள்ளும் வேகத்தில் செய்யாமல், தண்ணீர் கையில் படுவது தெரிய, ஒவ்வொரு பாத்திரமாக எடுத்து, வாய் திறந்தோ மனதுக்குள்ளோ அவரோடு பேசிக்கொண்டே செய்யுங்கள். நடுவில் பிள்ளை கூப்பிட்டால் போங்கள். யவீருவின் வீட்டுக்குப் போகிற வழியில் நின்றவர் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளமாட்டார்.

நிதானமாக வாழ்வதெல்லாம் வசதி உள்ளவர்களுக்கு. இரண்டு வேலை பார்த்தால்தான் வீடு ஓடும் என்கிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

இந்தக் கோபம் நியாயமானது. ஓய்வை ஒரு சொகுசுப் பொருளாக்கி, அது கிடைக்காதவர்கள்மேல் பழி போடுகிற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன். வேதம் அப்படிப் பேசவில்லை. ஓய்வுநாள் கட்டளை உபாகமம் 5-இல் வரும்போது, வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்று சொல்லி, நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள் என்கிறது. முதலில் கேட்டவர்கள் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த ஜனங்கள். ஆகவே அடுத்தவரின் ஓய்வு யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி முதலில் போக வேண்டும். உங்கள் கீழ் ஆட்கள் வேலை செய்தால், நீங்கள் ஜெபத்தில் நிதானமாக இருப்பதைவிட அவர்களைச் சரியான நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்புவது முக்கியம்.

இரண்டு வேலை பார்க்கிறவரிடம் இன்னும் ஒரு வேலையாக இதைச் சுமத்த மாட்டேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற அந்த நேரம் உங்களுடையது. அதில் ஒரு வசனம், ஒரு வாக்கியம் போதும். நடையை மெதுவாக்கத் தேவையில்லை.

நான் ஓடுவதே ஊழியத்துக்காகத்தான். அதுகூடவா ஆண்டவருக்குப் பிடிக்காது?

வீட்டுக்கு வந்த இயேசுவுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த மார்த்தாள், தன் சகோதரி உதவாமல் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று முறையிடுகிறாள். அதற்கு அவர் சொன்ன "மார்த்தாளே, மார்த்தாளே, நீ அநேக காரியங்களைக்குறித்துக் கவலைப்பட்டுக் கலங்குகிறாய்" என்ற வசனத்தைக் கேட்டதும் பலர் வேலை செய்வதே குறை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இயேசு சுட்டிக்காட்டியது கவலையையும் கலக்கத்தையும். யோவான் 12-இல் மார்த்தாள் மறுபடியும் பணிவிடைதான் செய்கிறாள், அங்கே அவளை யாரும் கண்டிக்கவில்லை. அவளுடைய சகோதரன் லாசரு இறந்தபோது, நீர் தேவனுடைய குமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டதும் அவள்தான்.

ஊழியத்தில் ஓடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு உதவி செய்யாதவர்கள்மேல் எரிச்சல் வருகிறதா? மார்த்தாளுக்கு அங்கேதான் வெளிப்பட்டது. எரிச்சல் வர ஆரம்பித்தால் ஒரு பொறுப்பைக் கீழே வைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இது தியானம், யோகா மாதிரி இல்லையா? மனசை வெறுமையாக்குவது ஆபத்து என்று எங்கள் போதகர் சொல்கிறார்.

இங்கே யாரும் மனதை வெறுமையாக்கச் சொல்லவில்லை. ஒருவரைக் கவனிக்கிறோம், அவருடைய வார்த்தையை வைத்துக்கொண்டு கவனிக்கிறோம். கர்த்தருடைய வேதத்தில் இரவும் பகலும் தியானமாயிருக்கிற மனுஷனோடுதான் சங்கீதப் புத்தகமே தொடங்குகிறது. ஈசாக்கு சாயங்காலத்தில் தியானம் பண்ண வெளியே போயிருந்தான் என்று ஆதியாகமம் 24 சொல்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் கீகோ என்ற துறவி வாசிப்பு, தியானம், ஜெபம், அமர்ந்திருத்தல் என்று நான்கு படிகளாக இதை எழுதிவைத்தார். நான்கும் வசனத்திலிருந்தே தொடங்குகின்றன. உங்கள் போதகரிடம் ஒளிக்காதீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று அப்படியே சொல்லுங்கள்.

மனதில் ஒன்று தோன்றுகிறது. அது ஆண்டவரா, என் கற்பனையா என்று எப்படித் தெரியும்?

உடனே தெரியாது, தெரிய வேண்டும் என்ற அவசியமும் இல்லை. ஆலயத்திலேயே படுத்திருந்த சிறுவன் சாமுவேலுக்கே, கர்த்தர் கூப்பிட்டபோது மூன்று தடவை தெரியவில்லை. ஆசாரியனாகிய ஏலிதான் கூப்பிடுகிறான் என்று மூன்று தடவையும் ஏலியிடம் ஓடினான். அது யார் என்று அவனுக்குச் சொல்ல, கண் மங்கிப்போன அந்தக் கிழவர் தேவைப்பட்டார். உங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும்: உங்களைவிட நீண்ட காலம் ஜெபித்துப் பழகியவர், உங்களுக்குப் பிடிக்காததையும் சொல்லக்கூடியவர்.

தோன்றியது வேதத்துக்கு விரோதமாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். விரோதமாக இல்லையென்றால் கொஞ்ச நாள் பொறுங்கள். கலாத்தியர் 5-இல் சொல்லப்பட்ட அன்பு, சமாதானம், நீடியபொறுமை, சாந்தம் இவற்றின் பக்கம் அது உங்களை நகர்த்துகிறதா என்று பாருங்கள். "இப்போதே முடிவெடு, யாரிடமும் கேட்காதே" என்று நெருக்குகிற எண்ணத்தை நான் எப்போதும் சந்தேகப்படுவேன். வேலையை விடுவது, கல்யாணம், சொத்து இந்த மாதிரி முடிவுகளை ஒரே ஒரு அமைதி நேரத்தை வைத்து எடுக்கவே கூடாது.

மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. வறட்சி.

அன்னை தெரேசா 1997-இல் இறந்தார். 2007-இல் வெளியான அவருடைய கடிதங்களைப் படித்தபோதுதான், ஏறத்தாழ 50 ஆண்டுகள் அவர் உள்ளுக்குள் இந்த வெறுமையைச் சுமந்துகொண்டே வேலை செய்தார் என்று உலகத்துக்குத் தெரிந்தது. 88-ஆம் சங்கீதம் ஆறுதல் வரி எதுவும் இல்லாமல்தான் முடிகிறது. அதை வேதத்திலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

16-ஆம் நூற்றாண்டில் சிலுவை யோவான் என்ற துறவி இதைப் பற்றிக் கவனமாக எழுதினார். ஆண்டவருடைய காரியங்களில் சுவை இல்லை, உலகக் காரியங்களிலும் சுவை இல்லை, வழக்கம்போல் தியானிக்கவும் முடியவில்லை, ஆனாலும் "நான் அவரை விட்டு விலகிவிட்டேனோ" என்ற கவலை மட்டும் மனதை அரிக்கிறது. இவை சேர்ந்தே இருந்தால், அது அசட்டையால் வந்த வறட்சி அல்ல என்பது அவர் கருத்து. அசட்டையாக இருக்கிறவருக்கு அந்தக் கவலையே வராது. முதல் பதிலில் சொன்னது இங்கேதான் அதிகம் தேவைப்படும்: நீங்கள் உணராததால் அவர் இல்லாமல் போய்விடுவதில்லை. நேரத்தைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஆனால் இந்தச் சுவையின்மையோடு சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாமே குலைந்திருந்தால் மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய்க்கும் இதற்கும் வித்தியாசம் நமக்கே எப்போதும் புலப்படாது.

அமைதியாக உட்கார்ந்தால் பழைய துக்கமெல்லாம் மேலே வருகிறது. பயமாக இருக்கிறது.

பல பேருக்கு அவசரம்தான் துக்கத்தின் மேல் இருக்கிற மூடி. ஓட்டத்தை நிறுத்தியதும் அது திறந்துகொள்கிறது. வருவதை ஆண்டவரிடம் அப்படியே சொல்லலாம், நயமான வார்த்தை வேண்டியதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தாவீது 13-ஆம் சங்கீதத்தில் நேராகவே கேட்கிறார்.

ஆனால் மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது, இரவில் தூக்கம் போய்விட்டது, உயிரோடு இருக்க வேண்டுமா என்ற எண்ணம் எட்டிப்பார்க்கிறது என்றால், தனியாக மௌனமாக உட்காருவதை இப்போதைக்கு நிறுத்துங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள், மனநல மருத்துவரையும் பாருங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. அதுவரை ஒருவரோடு சேர்ந்து சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கலாம், பேசிக்கொண்டே நடக்கலாம். எம்மாவு ஊருக்குத் துக்கத்தோடு நடந்துபோன இரண்டு பேரோடு இயேசு சேர்ந்து நடந்தார். அவர்கள் அன்றைக்கு மௌனமாக இருக்கவில்லை, வழியெல்லாம் புலம்பிக்கொண்டுதான் போனார்கள்.

காலையில் நன்றாகத்தான் இருக்கிறது. பத்து மணிக்கெல்லாம் எல்லாம் மறந்துவிடுகிறது.

மறந்ததை இரவில் தேடி எடுக்கலாம். லொயோலா இக்னேஷியஸ் 16-ஆம் நூற்றாண்டில் தன் தோழர்களுக்குக் கற்றுக்கொடுத்த பழக்கம் இது. நன்றி சொல்வது, வெளிச்சம் கேட்பது, நாளைத் திரும்பிப் பார்ப்பது, மன்னிப்புக் கேட்பது, நாளைக்கான தீர்மானம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த அந்த நாளை மணி மணியாக மனதில் ஓட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் மனம் இளகியது, எந்த இடத்தில் இறுகியது? யாக்கோபுக்கும் தூங்கி எழுந்தபிறகுதானே தெரிந்தது. பகலில் நடந்தபோது கவனிக்காததை இரவில் கவனிப்பதும் கவனிப்புதான். இதைச் செய்துவந்தால் நாளடைவில் பகலிலேயே பிடிபட ஆரம்பிக்கும்.

குறுக்கே வருகிற எல்லாவற்றுக்கும் நின்றுகொண்டிருந்தால் என் வேலை எப்போது முடியும்?

எல்லாவற்றுக்கும் நிற்கச் சொல்லவில்லை. இயேசுவும் அப்படி நிற்கவில்லை. மாற்கு 1-இல் அவர் இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்தில் ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிறார். சீமோனும் மற்றவர்களும் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்கிறார்கள். அவர் திரும்பிப் போகாமல் அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். உதிரப்போக்குள்ள பெண்ணுக்காக நின்றவரும் இவர்தான். எதற்கு நிற்பது, எதைக் கடந்துபோவது என்பது அவருக்கு அந்த ஜெப நேரத்தில் தெளிந்தது என்றே நான் நம்புகிறேன்.

ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். மோசே ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகும்போது முட்செடி எரிவதைக் கண்டு, கிட்டப் போய்ப் பார்ப்பேன் என்று திரும்புகிறான். அவன் பார்க்கும்படி வருகிறதைக் கர்த்தர் கண்டபிறகுதான் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். யாராவது குறுக்கே வரும்போது, நிற்பதா வேண்டாமா என்று முடிவுசெய்வதற்கு முன், அவர் முகத்தை முழுதாக ஒருமுறை பாருங்கள். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது. பார்த்தபிறகும் போகத்தான் வேண்டும் என்றால், எப்போது வருவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள்.